லண்டனில் ஒன்றரை நாள் போதாது
கோடை விடுமுறைக்கு டூர் கிளம்பும் தமிழ்க் குடும்பங்களுக்கு ஒரு திறந்த மடல்



ஐரோப்பா குரூப் டூர்களின் நிரல் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கிறது. முதல் ஊர் லண்டன். காலை டிபனை முடித்துவிட்டு எட்டு மணிக்குள் கோச்சில் ஏறிவிட வேண்டும். பக்கிங்காம் அரண்மனை வாசலில் கொஞ்ச நேரம், பிக் பென் கடிகாரத்துக்கு எதிரே பாலத்தில் ஒரு போட்டோ, டவர் பிரிட்ஜில் இன்னொரு போட்டோ. பிறகு லண்டன் ஐ ராட்டினம், மேடம் துஸ்ஸாட்ஸ் மெழுகு பொம்மைகள், ஓர் இந்திய ஓட்டலில் இரவுச் சாப்பாடு. மறுநாள் மதியம் பாரிஸுக்கு ரயில். இதற்கு நடுவில் ஆக்ஸ்ஃபோர்டு ஸ்ட்ரீட்டில் சாக்லெட்டும் சட்டையும் வாங்க ஒரு மணி நேரம் கிடைத்தால் அதிர்ஷ்டம்.

இந்த ஒன்றரை நாளுக்கு நீங்கள் கொடுக்கும் விலை கொஞ்சமல்ல. பாரிஸுக்கும் சுவிட்சர்லாந்துக்கும் வாங்கும் ஷெங்கன் விசா லண்டனுக்குச் செல்லாது. பிரிட்டனுக்குத் தனி விண்ணப்பம், தனிக் கட்டணம், விரல்ரேகை கொடுக்கத் தனியாக ஒரு நாள். இத்தனைக்கும் பிறகு கிடைக்கும் சாதாரணச் சுற்றுலா விசாவில் ஆறு மாதம் வரை தங்கலாம். ஆறு மாதத்துக்கு அனுமதி வாங்கிய ஊரைக் கோச் ஜன்னல் வழியே பார்த்துவிட்டுக் கிளம்புவது மனசுக்கு ஒப்பவில்லை. இந்த மடல் எழுதக் காரணம் அதுதான்.

கேட்பது ஒன்றே ஒன்று. லண்டனுக்கு நான்கைந்து நாள் கொடுங்கள். அந்த நாட்களில் பார்க்கும் இடங்களைக் குறைத்துக்கொள்ளுங்கள். நிதானமாக நடப்பவருக்கு அந்த ஊர் வேறொன்றையும் காட்டும். சென்னையும் ஆற்காடும் திருச்சியும் தஞ்சையும் அங்கே தெருத்தெருவாகக் கலந்து கிடக்கின்றன. எந்தக் கைடும் அவற்றை உங்களுக்குச் சுட்டிக்காட்டப் போவதில்லை, ஏனென்றால் உலகம் முழுவதிலிருந்தும் வருகிறவர்களுக்காக எழுதப்பட்டது அவர்களுடைய பேச்சு.

டிரஃபால்கர் சதுக்கத்திலிருந்தே தொடங்கலாம். நெல்சன் தூணையும் நான்கு சிங்கங்களையும் எல்லோரும் படம் எடுக்கிறார்கள். அதே சதுக்கத்தின் வடகிழக்கு மூலைக்குப் போனால், உயர்ந்த பீடத்தின் மேல் குதிரையில் அமர்ந்திருக்கும் நான்காம் ஜார்ஜ் மன்னரின் வெண்கலச் சிலை இருக்கிறது. கீழே நின்று மன்னரின் கால்களைப் பாருங்கள். அவை அங்கவடி இல்லாமல் தொங்குகின்றன. குதிரை முதுகில் சேணமும் இல்லை. சென்னைக்காரர்களுக்கு உடனே பொறிதட்டும்: தீவுத்திடல் அருகே சிலையாக இருக்கும் மதராஸ் கவர்னர் சர் தாமஸ் மன்றோவும் குதிரை மேல் இப்படியேதான் உட்கார்ந்திருக்கிறார்! சிற்பி அங்கவடியை மறந்துவிட்டார், அந்த அவமானம் தாங்காமல் உயிரை விட்டார் என்று அந்தச் சிலையைப் பற்றி ஒரு கதை தலைமுறை தலைமுறையாகச் சொல்லப்படுகிறது. இரண்டு சிலைகளையும் செய்தவர் ஒருவரே. அவர் பெயர் சர் ஃபிரான்சிஸ் சான்ட்ரி. மன்றோ சிலை சென்னையில் நிறுவப்பட்டது 1839-ல். மன்னரின் சிலை டிரஃபால்கர் சதுக்கத்துக்கு வந்தது 1843-ல். பாங்க் ஸ்டேஷன் வாசலில் ராயல் எக்ஸ்சேஞ்ச் கட்டடத்தின் முன்னால் வெலிங்டன் பிரபுவின் சிலை இருக்கிறது. சான்ட்ரி தொடங்கி, அவர் இறந்த பின் முடிக்கப்பட்ட அந்தச் சிலையிலும் சேணமோ அங்கவடியோ கிடையாது. மூன்று முறை ஒருவர் மறக்க முடியாது. அது அவருடைய பாணி. சென்னையில் சின்ன வயதிலிருந்து கேட்ட கதைக்கு லண்டன் சதுக்கத்தில் விடை கிடைக்கும்போது வரும் சந்தோஷத்தை எந்த ராட்டினமும் தராது. பிள்ளைகளை அழைத்துப் போகிறவர்கள் முதலில் சென்னைக் கதையைச் சொல்லிவிட்டு, அப்புறம் அந்த மூலைக்குக் கூட்டிப் போங்கள்.

அங்கிருந்து ஒயிட்ஹால் சாலையில் தெற்கே நடங்கள். பிரதமரின் டவுனிங் தெருவைத் தாண்டியதும் வலப்பக்கம் கிங் சார்லஸ் தெரு வரும். அதன் கடைசியில், செயின்ட் ஜேம்ஸ் பூங்காவைப் பார்த்தபடி, படிக்கட்டின் தலைமாட்டில் ராபர்ட் கிளைவ் நிற்கிறார். ஜான் ட்வீட் என்ற சிற்பி செய்த சிலை. 1912-ல் முடிந்து, 1916-லிருந்து இந்த இடத்தில் இருக்கிறது. சிலையை விடப் பீடம் முக்கியம். அதன் பக்கங்களில் பதித்த வெண்கலப் புடைப்புப் படங்களில் ஒன்று பிளாசி, ஒன்று அலகாபாத் உடன்படிக்கை, இன்னொன்று 1751-ல் நடந்த ஆற்காடு முற்றுகை. ராணிப்பேட்டைப் பக்கத்து ஆற்காடேதான். 1744-ல் சென்னை ஜார்ஜ் கோட்டைக்குக் கிழக்கிந்தியக் கம்பெனி எழுத்தராக வந்த இளைஞர் கிளைவ், ஆற்காட்டுக் கோட்டைக்குள் சிறு படையோடு ஏறத்தாழ ஐம்பது நாள் தாக்குப்பிடித்தார். பிற்பாடு ஒரு சாம்ராஜ்யமாக வளர்ந்த ஆட்சி அங்கேதான் கால் ஊன்றியது. பிரிட்டிஷ் வெளியுறவு அலுவலகத்தின் முதுகில் இன்றைக்கும் அந்த ஊரின் பெயர் இருக்கிறது. இந்தச் சிலை இங்கே இருக்கலாமா என்ற வாதம் லண்டனிலேயே பலமாக எழுந்தது. 2020-ல் அதை அகற்றச் சொல்லிக் கையெழுத்து இயக்கமும் நடந்தது. எந்தப் பக்கம் நின்று பார்த்தாலும், ஆற்காட்டையோ வேலூரையோ சேர்ந்த ஒருவர் அந்தப் பீடத்தைப் பார்க்காமல் திரும்புவது பெரிய இழப்பு. சர்ச்சில் வார் ரூம்ஸ் அருங்காட்சியக வாசல் அந்தப் படிக்கட்டின் கீழேயே இருப்பதால், டூர் கோச்சுகள் அந்தப் பக்கம் வராமலில்லை. படி ஏறிப் பார்க்க நேரம் கொடுப்பதில்லை, அவ்வளவுதான்.

பிரிட்டிஷ் மியூசியத்துக்கு ஒரு முழு நாள் ஒதுக்குங்கள். 1759-லிருந்து பொதுமக்களுக்குத் திறந்திருக்கும் இடம், நுழைவுக் கட்டணம் இல்லை. எகிப்து மம்மிகளைச் சுற்றி எப்போதும் கூட்டம் நெருக்கும். தெற்காசியக் கூடத்தில் மூச்சுவிட இடமுண்டு. சுமார் 1100-ஐச் சேர்ந்த தமிழ்நாட்டு நடராசர் அங்கே இருக்கிறார். அதை ஒட்டிய கண்ணாடிச் சுவர் அறையில் ஆந்திர அமராவதி ஸ்தூபியின் சுண்ணாம்புக்கல் சிற்பங்கள். வால்டர் எலியட் என்ற மதராஸ் அதிகாரி 1845-ல் தோண்டி எடுத்துச் சென்னைக்குக் கொண்டுவந்தவை. 1859-ல் சென்னையிலிருந்து கப்பலேறி லண்டன் போய்ச் சேர்ந்தன. அதே ஸ்தூபியின் இன்னொரு பங்கு எழும்பூர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. கிளம்புவதற்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை எழும்பூருக்குப் போய் அதைப் பார்த்துவிட்டு லண்டனில் மற்றதைப் பாருங்கள். தாமரைப் பதக்கங்களும் கூட்டம் கூட்டமாகச் செதுக்கிய மனிதர்களும் இரண்டு கண்டங்களில் பிரிந்து கிடப்பது அப்போது உறைக்கும்.

மியூசியத்திலிருந்து வடக்கே சில நிமிட நடையில் சோவாஸ் எனப்படும் கீழைத்தேயக் கல்லூரி. அதன் தோட்டத்தில் திருவள்ளுவர் அமர்ந்திருக்கிறார். இன்னும் கொஞ்சம் நடந்தால் டேவிஸ்டாக் சதுக்கம்; நடுவில், 1968-ல் திறந்துவைத்த காந்தி சிலை. அதன் அடியில் யாராவது பூ வைத்திருப்பார்கள். பெஞ்சில் உட்காருங்கள். லண்டன்காரர்கள் மதியச் சாப்பாட்டை மடியில் வைத்துச் சாப்பிடும் இடம் அது. கையில் கொண்டுவந்த புளியோதரையை அங்கே பிரித்தால் யாரும் ஒன்றும் நினைக்க மாட்டார்கள்.

அடுத்தது ஸ்ட்ராண்ட். கோயில் மேல் பற்றுள்ளவர்கள் லண்டனில் ஒரே ஒரு தெருவில்தான் நடக்க முடியும் என்றால், இந்தத் தெருவில் நடக்க வேண்டும். காரணம் ஒரு சிலை வழக்கு. 1976-ல் அன்றைய தஞ்சை மாவட்டத்தில், பத்தூர் என்ற சிற்றூரில், இடிந்து கிடந்த விசுவநாத சுவாமி கோயில் அருகே மண்ணுக்கடியிலிருந்து ஒரு நடராசர் வெளியே வந்தார். கை மாறிக் கை மாறி லண்டன் சந்தைக்குப் போனார். 1982-ல் ஒரு கனடா நிறுவனம் அவரை விலைக்கு வாங்கியது. அதே ஆண்டு, பிரிட்டிஷ் மியூசியத்தில் சிலையைச் செப்பனிடக் கொடுத்திருந்த சமயம், லண்டன் மாநகரப் போலீஸ் அதைக் கைப்பற்றியது. வழக்கு லண்டன் உயர் நீதிமன்றத்துக்குப் போனது. தமிழ்நாட்டு அரசும் இந்திய அரசும் கோயில் தரப்பும் ஒரு பக்கம், வாங்கிய நிறுவனம் மறுபக்கம். பத்தூரிலேயே கிடைத்த மற்றச் சிலைகளோடு ஒப்பிட்டார்கள். வடிவத்தையும் உலோகத்தையும் ஒட்டியிருந்த மண்ணையும் கரையான் தடத்தையும் கூட நிபுணர்கள் ஆராய்ந்தார்கள். 1988-ல் தீர்ப்பு கோயிலுக்குச் சாதகமாக வந்தது. 1991 பிப்ரவரியில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை உறுதி செய்தது. பூசை நின்று, கூரை சரிந்து போன கோயிலுக்கும் வழக்காடும் உரிமை உண்டு என்று ஒப்புக்கொண்டது அந்தத் தீர்ப்பு. அதே ஆண்டு நடராசர் ஊர் திரும்பினார்.

அந்த மேல்முறையீட்டு நீதிமன்றம் இயங்கும் ராயல் கோர்ட்ஸ் ஆஃப் ஜஸ்டிஸ் ஸ்ட்ராண்ட் தெருவில்தான் நிற்கிறது. 1882-ல் விக்டோரியா மகாராணி திறந்துவைத்த சாம்பல் வெள்ளைக் கட்டடம், கூர்மையான கோபுரங்கள், தேவாலயம் போன்ற பெரிய மண்டபம். வேலை நாட்களில் பொதுமக்கள் பாதுகாப்புச் சோதனைக்குப் பின் உள்ளே போகலாம், வழக்கு நடப்பதையும் உட்கார்ந்து பார்க்கலாம். வாசலிலிருந்து மேற்கே சில நிமிடம் நடந்தால் ஆல்ட்விச்சில் இந்தியத் தூதரகமான இந்தியா ஹவுஸ். 1978-ல் ஆனந்தமங்கலம் ராஜகோபால சுவாமி கோயிலிலிருந்து திருடுபோன ராமர், சீதை, இலக்குவன் சிலைகளை லண்டன் போலீஸார் 2020 செப்டம்பரில் ஒப்படைத்தது அங்கேதான். இந்தச் சில நூறு மீட்டர் நடைக்குள் பத்தூரும் ஆனந்தமங்கலமும் இருக்கின்றன. டெல்டா மாவட்டக்காரர்கள் இதைத் தங்கள் ஊர்ப் பெருமையாகவே பிள்ளைகளுக்குச் சொல்லலாம்.

நீதிமன்றத்துக்குப் பின்புறம் லிங்கன்ஸ் இன் என்ற பாரிஸ்டர் சங்கம். திருச்சி வரகனேரியிலிருந்து சட்டம் படிக்கப் போன வ.வே.சு. ஐயர் சேர்ந்த இடம். படிப்பை முடித்தும், மகுடத்துக்கு விசுவாசப் பிரமாணம் எடுக்க மறுத்ததால் பாரிஸ்டர் பட்டம் வாங்காமலேயே 1910-ல் லண்டனை விட்டு வெளியேறியவர் அவர். தெருவின் எதிர்ப்புறம், ஒரு சின்ன வளைவு வழியே இறங்கினால் அதே போன்ற இன்னொரு சங்கமான இன்னர் டெம்பிள். காந்தி 1891-ல் பாரிஸ்டரானது இங்கே. 1922-ல் சிறைத் தண்டனைக்குப் பின் அவர் பெயரை நீக்கியதும், 1988-ல் மறுபடி சேர்த்ததும் இதே அமைப்புதான். சட்டக் கல்லூரியில் படிக்கும் பிள்ளை வீட்டில் இருந்தால் இந்த ஓர் அரை நாளை எதற்காகவும் விட்டுவிடாதீர்கள்.

வ.வே.சு. ஐயரைப் பின்தொடர்ந்தால் வடக்கே ஹைகேட் குன்றுக்குப் போகலாம். அங்கே 65, கிராம்வெல் அவென்யூ என்ற வீடு, 1905-ல் ஷியாம்ஜி கிருஷ்ணவர்மா இந்திய மாணவர்களுக்காகத் திறந்த விடுதி. ஐயர் தங்கிய அந்த வீட்டின் சுவரில் சாவர்க்கர் பெயர் தாங்கிய பலகை இருக்கிறது. இப்போது யாரோ குடியிருக்கும் வீடு, எனவே தெருவிலிருந்தே பார்த்துவிட்டு நகருங்கள். நடக்கும் தூரத்தில் ஆர்ச்வே ரோட்டில் ஹைகேட் முருகன் கோயில். குன்று இருக்கும் இடத்தில் குமரன் இருப்பான் என்பது அங்கேயும் பொய்க்கவில்லை. வெள்ளிக்கிழமை மாலைப் பூசைக்கு ஈழத்தமிழ்க் குடும்பங்கள் பிள்ளைகளோடு வரும். பேச்சுக் கொடுங்கள், எந்த ஊர் என்று கேட்டால் யாழ்ப்பாணத்துக் கிராமத்தின் பெயர் முதலில் வரும், லண்டன் பேட்டை அடுத்துத்தான். மலையின் மறுபக்கம் வாட்டர்லோ பூங்கா வழியாக இறங்கினால் கல்லறைத் தோட்டத்தில் கார்ல் மார்க்ஸ். அங்கே நுழைய மட்டும் கட்டணம் உண்டு. ஏற்றமும் இறக்கமுமான பகுதி. முட்டிவலி உள்ளவர்கள் 43 அல்லது 134-ஆம் எண் பஸ்ஸில் ஏறினால் கோயில் சாலைக்கே போய்விடலாம்.

பஸ் என்றதும் ஒரு விஷயம். மாடி பஸ்ஸின் மேல்தட்டு முன்வரிசை சீட்டை விட நல்ல கைடு லண்டனில் கிடையாது. 2014-லிருந்து பஸ்ஸில் ரொக்கம் வாங்குவதில்லை. தட்டிச் செலுத்தும் கார்டு வேண்டும், ஒருவருக்கு ஒரு கார்டு. முதல் பஸ்ஸில் ஏறிய ஒரு மணி நேரத்துக்குள் எத்தனை பஸ் மாறி ஏறினாலும் ஒரே கட்டணம்தான். வெளிநாட்டுப் பரிவர்த்தனைக்கு உங்கள் வங்கிக் கார்டு திறந்திருக்கிறதா என்று கிளம்பும் முன் பார்த்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் ஆய்ஸ்டர் கார்டு வாங்கிப் பணம் போட்டுக்கொள்ளலாம்.

நதி வழியாக கிரீனிச்சுக்கும் ஒரு நாள் போய்வரலாம். வெஸ்ட்மின்ஸ்டர் படித்துறையில் ஏறும் படகு ஊரின் பாதியைக் காட்டிவிடும். 1675-ல் தொடங்கிய வானாய்வு நிலையத்தின் உச்சியில் ஒரு சிவப்புப் பந்து இருக்கிறது. பகல் 12.55-க்குப் பாதிக் கம்பம் ஏறும், 12.58-க்கு உச்சி தொடும், சரியாக ஒரு மணிக்குக் கீழே விழும். தேம்ஸில் நிற்கும் கப்பல்கள் கடிகாரத்தைச் சரிபார்த்துக்கொள்ள 1833-ல் வைத்த ஏற்பாடு இது. பூங்காவில் நின்றே பார்க்கலாம். பார்க்கும்போது நுங்கம்பாக்கத்தை நினைத்துக்கொள்ளுங்கள். அங்கே வானிலை மைய வளாகத்தில், 1792-ல் மதராஸ் வானாய்வு நிலையம் அமைத்தபோது நட்ட கருங்கல் தூண், தமிழ் எழுத்தும் பொறித்தபடி, இன்னும் நிற்கிறது. அந்த நிலையத்தின் நேரத்தை வைத்துத்தான் ஒரு காலத்தில் இந்திய ரயில்கள் ஓடின. மறுபடி தேம்ஸுக்கு வந்து மேற்கே போனால் பட்னி. நோயுற்றுக் கிடந்த கணித மேதை ராமானுஜனைப் பார்க்க, அவரோடு ஆய்வு செய்த ஹார்டி 1729 என்ற எண்ணுள்ள டாக்ஸியில் வந்தது அந்தப் பேட்டைக்கு.

சாப்பாட்டைப் பற்றிப் பெரியவர்களுக்கு ஒரு கவலை இருக்கும். டிஸ்ட்ரிக்ட் லைன் ட்யூபில் ஈஸ்ட் ஹாம் போய் இறங்குங்கள். ஹை ஸ்ட்ரீட் நார்த் முழுக்கத் தமிழ்க் கடைகள்: தோசை, பொங்கல், இடியப்பம், சொதி, கொத்து ரொட்டி, கறிவேப்பிலைக் கட்டு, மல்லிகைச் சரம். 1983 கலவரத்துக்குப் பின் இலங்கையிலிருந்து வந்தவர்கள் ஈஸ்ட் ஹாமிலும் வெம்பிளியிலும் டூட்டிங்கிலும் கட்டியெழுப்பிய வாழ்க்கை இது. அருங்காட்சியகத்தில் உள்ள நடராசருக்குக் கொடுக்கும் மரியாதையை இந்தத் தெருவுக்கும் கொடுங்கள். சாப்பிட்டு முடித்ததும் ஓடிவிடாமல், ஒரு மளிகைக் கடைக்குள் நின்று நிதானமாகப் பாருங்கள். எந்த ஊர்ப் பலகாரம் எந்த ஊர்ப் பொடிக்குப் பக்கத்தில் இருக்கிறது என்பதே ஒரு வரலாறு.

லண்டனில் இருக்கும் பிள்ளைகள் வீட்டுக்கு வந்து மாதக்கணக்கில் தங்கும் பெற்றோருக்கும் இவையெல்லாம் பொருந்தும். மகனும் மருமகளும் வேலைக்குப் போனபின் பகல் முழுக்க ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கும் அப்பாக்கள், அம்மாக்கள் எத்தனையோ பேர். கார்டு கையில் இருந்தால் போதும், பஸ் எண்ணை ஒரு தாளில் எழுதிக்கொண்டு கிளம்பிவிடலாம். லண்டன் பஸ்ஸில் அடுத்த நிறுத்தத்தின் பெயரை ஒலிபெருக்கி சொல்லும், திரையிலும் காட்டும்.

டூர் போகிறவர்களுக்கு இன்னும் இரண்டு விஷயங்கள். ஜூன் மாதத்தில் லண்டனில் சூரியன் மறைய இரவு ஒன்பதைத் தாண்டும். ஏழு மணிக்குக் கோச் உங்களை ஹோட்டலில் இறக்கிவிட்ட பிறகும் இரண்டு மணி நேர வெளிச்சம் கையில் இருக்கிறது. டிரஃபால்கரிலிருந்து கிளைவ் படிக்கட்டு வரை நடக்க அது தாராளம். பிரிட்டிஷ் மியூசியம் மற்ற நாட்களில் ஐந்து மணிக்கு மூடினாலும் வெள்ளிக்கிழமைகளில் இரவு எட்டரை வரை திறந்திருக்கும். எனவே லண்டன் நாட்களில் ஒன்று வெள்ளிக்கிழமையாக அமைவது நல்லது. டிராவல்ஸ்காரரிடம் இதைக் கேட்க வேண்டிய நேரம் முன்பணம் கட்டுவதற்கு முன்பு. நான்கு குடும்பங்கள் சேர்ந்து கேட்டால் மெழுகு பொம்மைக்குப் பதில் ஓர் ஓய்வு மதியமாவது நிரலில் சேரும். விமான டிக்கெட்டும் ஹோட்டலும் உறுதியான பிறகு கேட்டால் அவராலும் ஒன்றும் செய்ய முடியாது.